அக்காவின் நேர்த்தியும் தம்பியின் தண்ணீர்ப் போத்தலும்

மாதா துணை
கிரேஃபெல்ட், ஜெர்மனி
01.01.2024

அன்புத் தம்பி கஸ்பருக்கு,

புது வருடப் பூசையில் உன் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுத்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் இருமல். இருமல் வந்தால் எனக்கு வேறு கரைச்சலும் கூடவே வரும், அதை விடு. உன் உடம்பு எப்படி? குளிருக்குக் கால் இழுக்கிறது என்றாயே, குறைந்ததா?

அக்காவுக்கு ரெலிபோன் இல்லையா, ஏன் கடிதம் என்று சிரிப்பாய். ரெலிபோனில் உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடிகிறதா? அங்கே உன் மனுசி துஷ்யா ஸ்பீக்கரில் போடுகிறாள். இங்கே என் மகன் மிதுலன் தலையை நீட்டுகிறான். "சாப்பிட்டாச்சா, அங்க குளிரா" என்று கேட்டு முடிவதற்குள் இரண்டு வீட்டுச் சனமும் கூடிவிடுகிறது. கடிதத்தை நீ ஒருவன்தான் வாசிப்பாய்.

விஷயம் இதுதான். நீ ஹவுன்ஸ்லோவில் அந்தக் கடைக்கு வயர் இழுக்கப்போய், ஏணியோடு விழுந்து, முள்ளந்தண்டு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கேவலார் மாதாவிடம் நேர்த்தி வைத்தேன். "என் தம்பியை உயிரோடு தாரும், அவனை உம்முடைய காலடிக்குக் கூட்டிக்கொண்டு வருவேன்" என்று அழுதேன். மாதா தந்துவிட்டா. ஒன்றரை வருடமாக நான்தான் கடனாளி. போன ஆவணியில் கேட்டபோது "இன்னும் பழகவில்லை" என்றாய். இந்த ஆவணித் திருவிழாவுக்கு நீ வர வேண்டும். ஐரோப்பாவில் இருக்கிற நம் சனம் எல்லாம் வருகிற நாள். சில்லுக்கதிரைக்கு அங்கே நல்ல பாதை இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மறுமொழி போடு. துஷ்யாவுக்கு என் அன்பு.

உன் அக்கா
கிளறிற்றா


தோர்ண்டன் ஹீத், லண்டன்
30.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருமல் இப்போது விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம். கேட்டால் நம்ப மாட்டீர்கள், தோள் இரண்டும் பெருத்துப் பழைய சேர்ட் எதுவும் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் சட்டனில் சில்லுக்கதிரைக் கூடைப்பந்து விளையாடப் போகிறேன். முதல் நாள் பந்து கைக்கு வரவில்லை, மூக்குக்குத்தான் வந்தது. இப்போது என்னை முன் வரிசையில் போடுகிறார்கள். சாகக் கிடந்தவனுக்கு இது பெரிய விஷயம்தானே.

வேலையும் கொஞ்சம் உண்டு. ஏணி ஏறுகிற வேலை போய்விட்டது. வீட்டு மேசையில் இருந்து மற்றவர்களுக்கு வயரிங் வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். துஷ்யா ஷிப்டுக்குப் போகும் நாட்களில் சமையலும் நான்தான். கதிரையில் இருந்து சமைக்க உயரம் குறைந்த அடுப்பு ஒன்று கவுன்சில் போட்டுத் தந்தது. சோறு குழைந்தால் அடுப்பைத்தான் குறை சொல்கிறேன்.

கேவலார் விஷயம். விமானத்தில் இந்தக் கதிரையைச் சாமான்களோடு எறிந்து முறித்துவிடுகிறார்கள் என்று விளையாட வருகிற பெடியன் ஒருவன் சொன்னான். ஆவணியில் சனமும் அதிகம். அடுத்த வருடம் பார்ப்போமே. மாதா கோவிக்க மாட்டா. கோவிக்கிற ஆள் நீங்கள்தான்.

மிதுலனுக்கு என் அன்பு.

உங்கள் தம்பி
கஸ்பர்


மாதா துணை
கிரேஃபெல்ட்
20.02.2024

அன்புத் தம்பிக்கு,

கூடைப்பந்துச் செய்தி கேட்டு அயலட்டை முழுவதும் சொல்லித் திரிந்தேன். இங்கே பனி கொட்டுகிறது, மற்றபடி சுகம். உன் தோளுக்குப் பெரிய சேர்ட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இனி என் கோபத்தைக் கேள். விமானம் பயம் என்றால் லண்டனிலிருந்து கேவலாருக்கு நம் சனம் கோச் பஸ் பிடித்து வருகிறது. அதில் வா. நானும் லண்டன் வந்து உன்னோடு... இல்லை, நீண்ட பஸ் பயணம் எனக்குச் சரிவராது. நீ துஷ்யாவோடு வா.

இன்னொன்று. சட்டனில் நம்மூர் அஞ்சலீனாவின் தகப்பன் செத்த வீட்டுக்குப் போய், வாசலில் நின்று கைகொடுத்துவிட்டுத் திரும்பினாயாம். தேத்தண்ணியைக் கையில் கொண்டுவந்து நீட்ட, வேண்டாம் என்றாயாம். "கஸ்பருக்கு இப்ப தலைக்கனம்" என்ற கதை லண்டனில் புறப்பட்டு எனக்கு இங்கே வந்து சேர்ந்துவிட்டது. செத்த வீட்டில் ஒரு வாய் குடிக்காமல் வருகிற பழக்கத்தை எங்கே படித்தாய்? தமிழ்ப் பூசைக்கும் நீ வருவதில்லையாம். முன்னே பாட்டுக் குழுவில் நின்று தொண்டை கிழியப் பாடியவன் நீ. கடவுளோடு கோபமா? இருந்தால் சொல்லு. இரண்டு பேரும் சேர்ந்து கோபிப்போம்.

உடம்புச் சூடு தணிய பார்லி ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். அவித்து நிறையக் குடி.

அக்கா


தோர்ண்டன் ஹீத்
28.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஒரு காய்ச்சல் வந்து சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. சொன்னால் நீங்கள் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவீர்கள் என்று துஷ்யாவிடம் நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

பார்லி வந்தது, நன்றி. கடவுளோடு எனக்குக் கோபம் இல்லை. கேவலாருக்கு என்னால் வர ஏலாது, அக்கா. இந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. தயவுசெய்து திரும்பக் கேட்க வேண்டாம்.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

கஸ்பர்


கிரேஃபெல்ட்
12.04.2024

கஸ்பருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் மாறியது பற்றிச் சந்தோஷம். நான் சுகம்.

சரி. கேட்கவில்லை.

கிளறிற்றா


தோர்ண்டன் ஹீத்
05.05.2024

என் அக்காவுக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்று மிதுலன் ரெலிபோன் எடுத்தான். பேச்சோடு பேச்சாக, "மாமா, நீங்க கேவலாருக்கு வந்தாத்தான் அம்மா மீன் சாப்பிடுவாவாம். நீங்க விழுந்த நாளிலயிருந்து மீன் வாயில வைக்கேல்லை" என்றான். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். பாசையூர்க் கடற்கரையில் பிறந்து, விளைமீன் குழம்பு இல்லாமல் சோற்றுக்கோப்பையைத் தொடாத என் அக்கா ஒன்றரை வருடத்துக்கு மேலாக மரக்கறி தின்கிறா. நானோ விமானம், சனம், குளிர் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். இரவு சாப்பிட ஏலவில்லை. ஆகவே உண்மையை எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

அக்கா, முள்ளந்தண்டு உடைந்தால் கால் மட்டும்தான் போகும் என்று சனம் நினைக்கிறது. கால் போனது பெரிய விஷயமில்லை, சில்லு இருக்கிறது. எனக்குச் சலம் வருவது தெரியாது. மூத்திரப்பை நிறைந்தால் மூளைக்குச் சேதி போவதில்லை. நேரம் பார்த்து, மெல்லிய குழாய் ஒன்றை நானே விட்டு எடுக்க வேண்டும். அதற்கிடையிலும் சில நேரம் கேட்காமல் போய்விடும். மற்றதுக்கும் காலையில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம், அது பெரும்பாலும் சொற்கேட்கும். சலம் அப்படியில்லை, அது உங்களைப் போல, நினைத்த நேரத்தில் வரும்.

போன புரட்டாதியில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் கதைத்துக்கொண்டு நிற்கிறோம். கதிரைக்குக் கீழே நிலம் நனைந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. ஒரு மனுசி, "ஆரோ இதில தண்ணி ஊத்திப்போட்டினம், பிள்ளையள் வழுக்கப்போகுதுகள்" என்று சத்தம் போட்டா. துஷ்யா ஓடி வந்து, தன் சால்வையைக் கழற்றி நிலத்தில் போட்டு மண்டியிட்டுத் துடைத்தாள். "ஓம் அக்கா, இவரின்ர தண்ணிப் போத்தல் சரிஞ்சு போச்சு" என்றாள். என்னிடம் போத்தலே இருக்கவில்லை. அந்தச் சால்வை அவளுடைய தாய் கொடுத்தது.

அதன்பிறகு நம் சனம் கூடுகிற இடம் எதற்கும் போக மனம் வரவில்லை. போகத்தான் வேண்டும் என்றால் முதல் நாளே குடிப்பதை நிறுத்திவிடுவேன். செத்த வீட்டுத் தேத்தண்ணியைத் தள்ளியது தலைக்கனத்தால் இல்லை. குடித்திருந்தால் இன்னொரு வீட்டு நிலத்தை நனைத்திருப்பேன். அந்தப் பங்குனிக் காய்ச்சலும் இதனால்தான் வந்தது. தண்ணி குடிக்காமல் இருந்து இருந்து கிருமி ஏறி, நெருப்பாய்க் கொதித்து, ஆளையே மறந்துபோனேன். எங்கள் வீட்டுக்கு வருகிற ஜமேக்கா நேர்ஸ் என் கட்டிலருகே நின்று பேசின பேச்சு! "தண்ணீரை நிறுத்தினால் கதிரை நனையாது, நீ செத்துப்போவாய், அது உனக்குச் சரியா?" என்று கேட்டா. துஷ்யாவும் அவவும் சேர்ந்துதான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். இரண்டு பேருக்கும் நான் கடமைப்பட்டவன்.

கூடைப்பந்தில் இந்தக் கரைச்சல் இல்லை. அங்கே எல்லோரும் ஒரே கேஸ். விளையாட்டு நடுவில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் மற்றவர்கள் கைதட்டுவார்கள். நம் சனத்துக்கு முன்னால் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அவ்வளவு பெரிய திருவிழாவில், அவ்வளவு பேர் நடுவில், மாதாவுக்கு முன்னால் நனைந்து போனால் நான் எங்கே போவேன், அக்கா? இதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் மீன் சாப்பிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்
கஸ்பர்


மாதா துணை
கிரேஃபெல்ட்
17.05.2024

என் செல்லத் தம்பிக்கு,

கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன், அடுப்பில் கறி எரிந்துபோனது. மிதுலனுக்கு ஓட்டை வாய். அவனைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

நீ எழுதியதற்குப் பதிலாக நானும் ஒன்று எழுதப்போகிறேன். உன் அத்தானுக்கும் முழுக்கத் தெரியாத விஷயம். நீயும் கிழித்துவிடு.

மிதுலன் பிறந்த நாளிலிருந்து எனக்கும் சலம் நிற்பதில்லை. உன் அளவுக்கு இல்லை, எனக்கு வருவது தெரியும், ஆனால் தெரிந்து என்ன? தும்மினால் போகும். இருமினால் போகும். சிரித்தால் போகும். ஆகையால்தான் நான் சிரிக்காத மனுசி என்று பெயர் எடுத்தேன். பாட்டுக் குழுவில் உச்சிக்குப் போகிற இடம் வந்தால் வாயை மட்டும் அசைப்பேன். மரியாயின் சேனைக்குத் தலைவி நான். கொடியைப் பிடித்துக்கொண்டு சுற்றுப்பிரகாரத்தில் முன்னால் நடக்கிறேன். எல்லாரும் "கிளறிற்றா அக்கா எவ்வளவு பக்தியாக, அடி மேல் அடி வைத்து நடக்கிறா" என்கிறார்கள். சேசுவே, அது பக்தி இல்லை. வேகமாக நடந்தால் போய்விடும். சீலைக்குள் தடித்த நாப்கின், அதற்கு மேல் உள்பாவாடை இரண்டு. கேவலாரில் எந்தச் சந்தில் ரொய்லெட் இருக்கிறது என்று அந்த ஊர் மேயருக்குக்கூட என்னளவு தெரியாது. உன்னைப் பஸ்ஸில் வா என்று எழுதிவிட்டு நான் வர மாட்டேன் என்றேனே, ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

என்னைவிட நீ கெட்டிக்காரன். விழுந்து இரண்டு வருடம் ஆகவில்லை, வாய் திறந்து சொல்லிவிட்டாய். நான் மிதுலனுக்கு மீசை முளைத்த பிறகும் டொக்டரிடம் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் போனேன். அந்த ஜெர்மன் பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு அப்பியாசம் சொல்லித் தந்தாள். இருந்தபடியே, ஒருவருக்கும் தெரியாமல் செய்யலாம். இந்தக் கடிதம் எழுதும்போதும் செய்துகொண்டிருக்கிறேன்.

துஷ்யாவை நினைத்து அழுதேன். அவளுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். அந்தச் சால்வைக்கு ஈடு இல்லை என்று தெரியும்.

நேர்த்தியைப் பற்றிப் பாதரிடம் போய்க் கேட்டேன். "கேவலாருக்கு வர ஏலாத ஆளுக்கு மாதா வேற விலாசம் வைச்சிருக்கிறா, இங்கிலாந்தில வோல்சிங்காம் இருக்குத்தானே" என்றார். ஆடி மாதம் உங்கள் லண்டன் தமிழ்ச் சனம் அங்கே யாத்திரை போகிறதாம், தோர்ண்டன் ஹீத்திலிருந்தே கோச் புறப்படுகிறதாம். நான் வருகிறேன். பக்கத்துப் பக்கத்தில் இருப்போம். நனைந்தால் இரண்டு பேரும் நனைவோம். வேண்டாம் என்றால் வேண்டாம், இனி உன்னை நெருக்க மாட்டேன். ஆனால் யோசி.

உன் அக்கா
கிளறிற்றா


தோர்ண்டன் ஹீத்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பியாசம் நடக்கிறதா? நான் சுகம், உண்மையாகவே சுகம். உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் அழுதேன், பிறகு உள்பாவாடை இரண்டு என்ற இடத்தில் சிரித்த சிரிப்பில் துஷ்யா ஓடி வந்து என்ன என்று கேட்டாள். மிதுலனின் பகிடி என்று சொல்லித் தப்பினேன். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மனமில்லாமல்தான் கிழித்தேன்.

வருகிறேன், அக்கா.

பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கோச் என்றால் நம் சனம் முழுக்க ஒரே பெட்டிக்குள். கோச்சின் ரொய்லெட் படிக்குக் கீழே, என் கதிரை அதற்குள் போகாது. நேர்ஸிடம் போய், நாள் முழுக்கப் பயணம், என்ன செய்யலாம் என்று கேட்டேன். "இதைக் கேட்க உனக்கு இவ்வளவு நாள் எடுத்ததா?" என்றா. உறை போல ஒன்றை மாட்டி, அதிலிருந்து ஒரு குழாய், தொடையிலிருந்து கீழே இறங்கிக் கெண்டைக்காலில் கட்டிய பைக்குள் போகிறது. காற்சட்டைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பை நிறைந்தால் அடியில் இருக்கிற திருகைத் திறந்து ஊற்ற வேண்டியதுதான்.

அதைக் கட்டிக்கொண்டு வெள்ளோட்டம் விட்டேன். 250 பஸ் ஏறி பிரிக்ஸ்டன் வரை போய் வந்தேன். அடுத்த நாள் ரயிலில் பிரைட்டன் கடற்கரைக்கு. துஷ்யாவும் நானும் வெயிலில் இருந்து ஐஸ்கிறீம் குடித்து, அதன் மேல் கோப்பியும் குடித்தோம். விழுந்த பிறகு வெளியில் இருந்து நான் கோப்பி குடித்தது அன்றைக்குத்தான். அவள் கடலைப் பார்க்கவில்லை, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளியும் சிந்தவில்லை. இந்த நாட்டைப் பற்றி நாங்கள் எவ்வளவோ குறை சொல்கிறோம், ஆனால் பையும் குழாயும் உறையும் மாதா மாதம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஊரில் என்னைப் போல் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கோச்சுக்குப் பொறுப்பு சூசைதாசன் அண்ணை. உங்களுக்கு நினைவிருக்கும், பூசைக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு வாசலில் நின்று மணிக்கூட்டைக் காட்டுகிற ஆள். பெயர் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கஸ்பர்


மாதா துணை
கிரேஃபெல்ட்
24.06.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்து வாசித்தேன். எனக்கு இப்போது தும்மல் பயம் பாதி குறைந்திருக்கிறது. நேற்றுப் பாட்டில் உச்சி ஸ்தாயி பாடினேன். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். யாத்திரைக்கு முந்தின வெள்ளி வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு இரண்டு பேரும் தண்ணீர் குடிக்க வேண்டும். நீ ஒரு மிடறு குடித்தால் நான் ஒரு மிடறு. ஏமாற்றினால் கோச்சிலேயே காதைத் திருகுவேன்.

துஷ்யாவுக்குச் சொல்லு, நான் வந்த அன்றைக்குச் சமைக்க வேண்டாம், நான் சமைக்கிறேன்.

அக்கா


தோர்ண்டன் ஹீத்
28.07.2024

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வீடு போய்ச் சேர்ந்து, களைப்பு ஆறி, அத்தானுக்கு எல்லாக் கதையும் சொல்லி முடித்திருப்பீர்கள். நாங்கள் சுகம். நீங்கள் விட்டுப்போன தலையணையில் துஷ்யா படுக்கிறாள், கேட்டால் அது மெத்தென்று இருக்கிறதாம்.

யாத்திரையில் நீங்களும்தான் இருந்தீர்கள், உங்களுக்கே கதை சொல்லுகிறானே என்று நினைக்காதீர்கள். நீங்கள் முன்னால் நின்றீர்கள். பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

வோல்சிங்காமில் அந்த ஒரு மைல் வழியை நானே உருட்டிக்கொண்டு போனேனே, ஏற்றம் வந்த இடத்தில் ஆறேழு பேர் தள்ள ஓடி வந்தார்கள், நான் வேண்டாம் என்றேன், நீங்கள் அவர்களை விலக்கினீர்கள். அங்கே மாதாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னேன். கை தப்பியதற்கு, துஷ்யாவுக்கு, அந்த நேர்ஸுக்கு, உங்களுக்கு. கால் வேண்டும் என்று கேட்க நினைத்திருந்தேன், அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. பிறகு நீங்கள் கடலோரக் கடையில் பொரித்த மீனைக் கையில் எடுத்து, சிலுவை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடித்தீர்கள். எனக்கு அன்றைய பூசை அதுதான்.

திரும்பி வரும்போது மோட்டர்வேயில் ஏதோ விபத்து, கோச் ஊர்ந்தது. நிற்கிறதாக இருந்த இடத்தைச் சூசைதாசன் அண்ணை தாண்டிவிடச் சொன்னார். "இப்பவே பிந்திப்போச்சு, இனி நேர வீடுதான், எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ" என்றார். நிபந்தனைப்படி நான் நாள் முழுக்கக் குடித்திருந்தேன். கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், காலில் பை பலூன் போல இறுகி நின்றது. இனி வருவதற்கு இடம் இல்லை. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும். நான் கதிரைப் பிடியைப் பற்றிக்கொண்டு இருந்தேன். அந்த மண்டபத்து நிலம்தான் கண்ணுக்குள் நின்றது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் என் முழங்காலைப் பார்த்தீர்கள்.

எழும்பிப் போய்ச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினீர்கள். ஏதோ பாட்டு எடுக்கப்போகிறீர்கள் என்று எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள். "சூசைதாசன் அண்ணை, நான் கிளறிற்றா, ஜெர்மனியில மரியாயின் சேனைத் தலைவி. எனக்குச் சலம் முட்டுது. பிள்ளை பிறந்த நாளிலயிருந்து எனக்கு அடக்க ஏலாது. அடுத்த இடத்தில கோச்சை நிப்பாட்டுங்கோ. இல்லையெண்டா இந்தச் சீற்றை நீங்கதான் கழுவ வேணும்" என்றீர்கள்.

பிறகு பின் சீற்றிலிருந்து ஒரு வயதான குரல், "எனக்கும்தான் பிள்ளை, காலமையிலயிருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கேல்லை, அப்பிடியிருந்தும் முட்டுது" என்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் ஒரு மனிதர், "எனக்குச் சீனி வருத்தம், நானும் கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தனான்" என்றார். அவர் சொல்லி முடித்ததும் கோச் முழுக்கக் கலகலவென்று சிரிப்பு. நானும் அப்போதுதான் கையைத் தூக்கினேன். "எனக்கும். எனக்குக் காலில பை கட்டியிருக்கு, அது நிரம்பிட்டுது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முன் சீற்றிலிருந்த தாய் ஒருத்தி, "வழியை விடுங்கோ, கஸ்பர் தம்பியை முதல்ல இறக்குங்கோ" என்று கத்தினா.

கோச் நின்றதும் நீங்கள் ஓடிவிட்டீர்கள். கோச்சின் கதிரை லிப்டில் இறங்கிக்கொண்டு நான் பார்த்தேன். பாதிக்கு மேல் கோச் வரிசையில் நிற்கிறது, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பகிடி பண்ணிக்கொண்டு. ஆண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சூசைதாசன் அண்ணை. இவ்வளவு பேரும் காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டுதான் மாதாவிடம் போய் வந்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் நம் சனத்துக்கு ஒளித்திருந்திருக்கிறேன்.

இன்று ஞாயிறு. தமிழ்ப் பூசைக்குப் போனேன், பாட்டுக் குழுவில் என் பழைய இடத்துக்குப் பக்கத்தில் கதிரையை நிறுத்தினேன். பூசை முடிந்து வெளியே வர, சூசைதாசன் அண்ணை என் பின்னாலேயே கார் பார்க் வரைக்கும் வந்தார். ஆள் ஒருவரும் இல்லையா என்று பார்த்தார். "தம்பி, போன வருஷம் புரோஸ்டேட் ஒப்பரேசன் செய்தவங்கள். அதுக்குப் பிறகு எனக்கு நிக்கிறேல்லை. யாத்திரை அண்டைக்கு முழுக்க நான் ஒரு வாய் குடிக்கேல்லை. அந்தப் பை... அது எப்பிடி இருக்கும்? டொக்டரிட்ட என்னெண்டு கேக்கிறது?" என்றார். வாசலில் மணிக்கூட்டைக் காட்டுகிற அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது.

அதற்குள் சனம் எங்களைக் கடந்து போகத் தொடங்கியிருந்தது. நான் குனிந்து, வலது காற்சட்டைக் காலை முழங்கால் வரை சுருட்டி, பையைக் காட்டினேன். அவர் மெல்லப் பக்கத்தில் குந்தி இருந்து பார்த்தார்.

நன்றி அக்கா.

உங்கள் தம்பி
கஸ்பர்